பின்பெட்டியில் ஏழு கல்

"அம்மா, பின்னாலை ஒரே சத்தம். செபம் தப்பிப் போகுது," என்றார் குகதாசன்.

வாகீசம்மா வாசலில் நின்று சப்பாத்தில் ஒட்டியிருந்த பனியைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"எத்தினையிலை தப்பினது, ஐயா?"

"நாற்பத்தொண்டிலை."

"அப்ப நாற்பது நல்லாப் போயிருக்குது."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

இது கனடாவில், பெரிய நகரத்திலிருந்து வடக்கே மூன்று மணித்தியாலம் ஓடினால் வருகிற ஒரு சின்னச் சிவமடத்தில் நடந்தது. மடம் மேட்டில் இருக்கிறது. பெரிய ரோட்டு பள்ளத்தில். இடையில் ஒரு பாதை, வாசலைத் தாண்டினதுமே இறங்கி, நடுவில் ஒரு வளைவு வளைந்து, கீழே போய்ச் சேரும்.

வருஷத்தில் ஐந்து மாதம் அந்தப் பாதையில் பனி கிடக்கும். வழித்தால்தான் ஆள் வரலாம்.

வாகீசம்மாவுக்கு வயது நாற்பத்திரண்டு. காவி உடுக்க முன்னம் பள்ளிக்கூட பஸ் ஓட்டினவர். குகதாசனுக்கு அறுபத்தைந்து. முப்பது வருஷம் தபால் பிரிக்கிற இடத்தில் வேலை செய்து ஓய்வெடுத்தவர். குரு இளையவர், சீடன் மூத்தவர். இரண்டு பேருக்கும் அதில் ஒரு கூச்சமும் இல்லை.

ஐப்பசியில் ஒரு மாதம் இருந்துவிட்டுப் போகிறேன் என்றுதான் குகதாசன் வந்தார்.

வீட்டில் மனைவி தவமலர் கதைத்துக்கொண்டே இருப்பார். குழாய் ஒழுகுவதைக் கதைப்பார், மகளின் வேலையைக் கதைப்பார், மருமகன் மெலிந்துவிட்டதைக் கதைப்பார். பதில் வராவிட்டால் அதையும் ஒரு கதையாக்குவார். குகதாசன் நூற்றெட்டுத் தரம் சிவநாமம் சொல்ல உட்காருவார். ஒருநாளும் அது முழுசாக முடிந்ததில்லை.

மடத்திலும் முடியவில்லை. வந்த மூன்றாம் நாளே வாகீசம்மா அவரைக் கூட்டிக்கொண்டுபோய் ட்ராக்டரில் ஏற்றிவிட்டார்.

அது சின்ன ட்ராக்டர். ஊரில் உழவு இயந்திரம் என்போம். இது பிறந்ததிலிருந்து ஒரு நிலமும் உழுததில்லை. முன்னால் பனியை வாரித் தூர எறிகிற பொறி. இரண்டு ஆள் சேர்ந்தாலும் அசைக்க முடியாத பாரம். பின்னால் ஒரு இரும்புப் பெட்டி, அதன் அடியில் ஒரு தகடு. முன்பொறி விட்டுவிட்டுப் போகிற மெல்லிய பனியைப் பின்தகடு வழித்துக்கொண்டு வரும்.

பெட்டிக்குள் கல்.

நகரத்து வீடுகளில் அம்மியும் ஆட்டுக்கல்லும் பாவிப்பாரில்லை. குப்பையில் போடவும் கை வராது, பாவம் என்று பயம். ஆனபடியால் காரில் ஏற்றி வந்து மடத்தில் விட்டுவிட்டுப் போவார்கள். வாகீசம்மா அதையெல்லாம் பெட்டிக்குள் அடுக்கி வைத்திருந்தார். வண்டி அசைந்தால் ஒன்றோடொன்று முட்டிக் கடகடவென்று சத்தம் போடும்.

முதல்நாள் அவர் சொல்லிக்கொடுத்தது இரண்டே வசனம்.

"முன்னாலை பாத்து ஓட்டுங்கோ, ஐயா. பின்னாலை கேட்டு ஓட்டுங்கோ."

பின்னால் கேட்கிறதுக்கு என்ன இருக்கிறது என்று குகதாசன் கேட்டார். வாகீசம்மா சாவியை நீட்டினார்.

கற்களுக்கு இடையில் செருக ஒரு பழந்துணி தரச்சொல்லி இன்னொருநாள் கேட்டார்.

"மடத்திலை மிச்சமாய்க் கிடக்கிறது ஒரு துணிதான்," என்றார் வாகீசம்மா. "உங்களுக்கெண்டு எடுத்து வைச்ச காவி. அதைத் தரட்டோ?"

குகதாசன் போய் வண்டியில் ஏறினார்.

காவி கேட்டவர் அவர்தான். ஒரு மாதம் மூன்று மாதமாகி, மார்கழித் திருவாதிரையன்று, இனி வீட்டுக்குப் போகவில்லை, இங்கேயே இருந்துவிடுகிறேன் என்று கைகூப்பிக் கேட்டார்.

அந்த மடத்தில் ஒரு வழக்கம். மனைவி உள்ளவன் காவி கேட்டால், அந்த மனைவி தானாக அந்தப் பாதையால் ஏறிவந்து, வாசலில் நின்று, தன் வாயால் சம்மதம் சொல்லவேண்டும். கடிதம் செல்லாது. போனில் சொன்னாலும் செல்லாது.

குகதாசன் வீட்டுக்குப் போன் எடுத்து விஷயத்தைச் சொன்னார். ஒரு மணித்தியாலம் கேட்கத் தயாராகத்தான் இருந்தார்.

"தைப்பூசத்தண்டு பத்து மணிக்கு வாறன்," என்று சொல்லித் தவமலர் போனை வைத்துவிட்டார்.

அத்தனை சுருக்கமாக அவர் பேசி குகதாசன் கேட்டதே இல்லை.

"அண்டைக்குப் பாதை வழிக்கிறது உங்கடை பொறுப்பு," என்றார் வாகீசம்மா.

பூசத்துக்கு முதல்நாள் முழுக்கப் பனி கொட்டியது.

விடிய எழும்பிக் குகதாசன் வண்டியடிக்குப் போனார். கற்களின்மேல் பனி உறைந்திருந்தது. நல்ல நாளும் பெருநாளுமாய் அம்மி இப்படிக் கிடக்கலாமோ என்று தோன்றியது. தோன்றியது உண்மைதான். இன்றைக்காவது சத்தமில்லாமல் ஓட்டலாம் என்று அதற்கு முதலே தோன்றியதும் உண்மை.

ஒவ்வொன்றாக இறக்கினார். சறுக்குப் பலகையில் வைத்து இழுத்து வந்து சுடுதண்ணீரால் கழுவினார். ஆறு கழுவி முடிந்தது. ஆகப் பின்னால் கிடந்த ஏழாவதைக் கழுவும்போது கை நின்றது.

ஒரு மூலை உடைந்த அம்மி.

அவர் வீட்டு அம்மி. தவமலரின் காலைப் பிடித்து வைத்து மெட்டி போட்ட அம்மி. நாட்டைவிட்டு வரும்போது சீலையால் சுற்றி, பிள்ளையைத் தூக்குகிறமாதிரித் தூக்கிக்கொண்டு வந்தவர் தவமலர்.

அவளும் விட்டுவிட்டாள் போல என்று நினைத்தார். நெஞ்சில் ஒரு குத்து. அதன் பின்னாலேயே, நல்லதுதான், இனி ஒரு பக்கமும் பற்றில்லை என்று ஒரு ஆறுதல்.

ஏழு கல்லையும் மண்டபத்தில் வரிசையாக வைத்தார். திருநீறு பூசினார், பொட்டு வைத்தார், ஒவ்வொன்றுக்கும் ஒரு பூ வைத்தார். வெறும் பெட்டியோடு வண்டியை எடுத்தார்.

குசினியில் வாகீசம்மா பொங்கல் கிண்டிக்கொண்டிருந்தார். இயந்திரச் சத்தம் கேட்டது.

கல்லுச் சத்தம் கேட்கவில்லை.

அகப்பையைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினார். செருப்பும் போடவில்லை. கூப்பிட்டுப் பார்த்தார். இயந்திர இரைச்சலில் குகதாசனுக்கு எங்கே கேட்கப்போகிறது.

குகதாசன் அமைதியாக இறங்கிக்கொண்டிருந்தார். முன்பொறி பனியை வாரி ஓரத்துக்கு எறிந்தது. பின்னால் தகடு பாரமில்லாமல் மேலாலே தடவிக்கொண்டு வந்தது. பாதை பார்க்க அழகாக, கண்ணாடிபோல மினுங்கியது.

செபம் தப்பவில்லை. ஐம்பது வந்தது. எண்பது வந்தது. வளைவு கிட்ட வரும்போது நூறு. கண் கலங்கிவிட்டது அவருக்கு.

நூற்றேழு.

வளைவில் பொறியை உயர்த்திக்கொண்டு பிரேக்கை மிதித்தார். அந்த வண்டிக்குப் பிரேக் பின்சில்லுக்கு மட்டும்தான். முழுப்பாரமும் முன்னால். பின்சில்லு சுற்றுவதை நிறுத்தியது, வண்டி நிறுத்தவில்லை. வாலைச் சுழற்றிக்கொண்டு போய், பாதைக்குக் குறுக்காக, பனிமேட்டுக்குள் மூக்கைக் குத்திக்கொண்டு நின்றது.

நூற்றெட்டாவதாக அவர் வாயில் வந்தது சிவநாமம் இல்லை.

"எடி மலர்."

கீழே கார்க் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. பத்து மணி என்றால் எட்டு மணிக்கு வந்து நிற்கிறவர் தவமலர். மூன்று மணித்தியாலம் தனியே ஓட்டி வந்திருந்தார். காரை ரோட்டோரம் விட்டுவிட்டு, ஒரு கையில் சாப்பாட்டுப் பாத்திரமும் மறுகையில் சீலைக் கொசுவமுமாக, பனிக்குள் முழங்கால் புதைய ஏறி வந்தார்.

"இஞ்சேருங்கோ, அடிபட்டதோ?"

"இல்லை."

கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். தலையைப் பார்த்தார். ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகு தொடங்கினார். இந்தக் குளிருக்கு இந்தக் கையுறையோ என்று கேட்டார். காது மூடின தொப்பி தந்துவிட்டது எங்கே என்று கேட்டார். ஊரெல்லாம் முருகனுக்குக் காவடி எடுக்கிற நாளில், ஒருபக்கம் மட்டும் பாரம் கட்டின காவடியோடு வந்து குப்புற விழுந்து கிடக்கிற ஆளை இன்றைக்குத்தான் பார்க்கிறேன் என்றார்.

குகதாசன் எல்லாம் கேட்டுக்கொண்டு நின்றார். நாலு மாதத்துக்குப் பிறகு கேட்கிறார்.

தவமலர் வண்டியைச் சுற்றி வந்தார். பின்பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

"என்ரை கல்லு எங்கை?"

"கழுவிப் பொட்டு வைச்சு மண்டபத்திலை வைச்சிருக்கிறன்."

"ஏன்?"

"அம்மி எல்லோ, மலர். பனியுக்கை கிடந்து..."

நீ அதை விட்டிட்டாய் எண்டு நினைச்சன் என்று மெதுவாகச் சொன்னார்.

தவமலர் பாத்திரத்தைப் பனியில் வைத்தார்.

"ஐப்பசியிலை உங்களைக் கொண்டுவந்து விட்ட அண்டைக்கு இந்த இறக்கத்தைப் பாத்தன். இதிலை வண்டி வழுக்காதோ எண்டு அம்மாட்டைக் கேட்டன். ஆறு கல்லு கிடக்குது, இன்னுமொண்டு கிடந்தால் நல்லது எண்டு சொன்னா."

பெட்டியின் விளிம்பில் கிடந்த பனியைத் தட்டினார்.

"வேறை கல்லு என்னட்டை எங்கை கிடக்குது. அடுத்த கிழமை வந்த ஆக்களின்ரை காரிலை குடுத்துவிட்டனான்."

குகதாசன் வெறும் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"பயப்பிடாதையுங்கோ," என்றார் தவமலர். "சம்பலுக்கு மிசின் வாங்கிப்போட்டன்."

மேலேயிருந்து வாகீசம்மா வந்தார். இப்போது சப்பாத்து போட்டிருந்தார். சறுக்குப் பலகையில் இரண்டு கல், பூவும் பொட்டுமாக. ஏன் இறக்கினீர்கள் என்று கேட்கவில்லை. அடிபட்டதோ என்று மட்டும் கேட்டார். இல்லை என்றதும் கண்ணை ஒருமுறை மூடித் திறந்தார்.

மூன்று பேருமாக நாலு நடை நடந்து ஏழு கல்லையும் கொண்டுவந்து பெட்டியில் வைத்தார்கள். வண்டியின் மூக்கடியில் கிடந்த பனியை வெட்டி எடுத்தார்கள்.

குகதாசனுக்குப் பயம் பிடித்துவிட்டது. பாதைக்குத் தூவ வைத்திருந்த உப்பு மூட்டை ஆறையும் இழுத்துக்கொண்டு வந்து கல்லுக்குமேல் அடுக்கினார். வாகீசம்மா பார்த்துக்கொண்டு நின்றார். பெண்கள் இருவரையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுக் குகதாசன் ஏறினார்.

வண்டி பின்வளமாகச் சுகமாய் வெளியே வந்தது. மேட்டைப் பார்த்துத் திருப்பினார். ஸ்டியரிங் வலப்பக்கம் திரும்பியது. வண்டி திரும்பவில்லை. முன்சில்லு நிலத்தைத் தொட்டும் தொடாமலும் மிதந்தது. நேரே போய் மற்றப் பக்கத்துப் பனிமேட்டில் முட்டிக்கொண்டு நின்றது.

தவமலர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"முன்னம் முழுக்க முன்னாலை, இப்ப முழுக்கப் பின்னாலை. வீட்டிலையும் இப்பிடித்தான், அம்மா. எங்கடை கலியாணத்துக்கு முன்னம் ஒரு நாளைக்கு மூண்டு கடிதம். கலியாணத்துக்குப் பிறகு கேட்டால்தான் ஒரு சொல்லு."

வாகீசம்மாவும் சிரித்துவிட்டார். பிறகு குகதாசனிடம் போனார்.

"இறக்குங்கோ, ஐயா."

"எத்தினை மூட்டை, அம்மா?"

"என்னை ஏன் கேக்கிறியள். வண்டியைக் கேளுங்கோ."

ஒரு மூட்டை இறக்கினார், ஸ்டியரிங்கைத் திருப்பிப் பார்த்தார். இன்னொன்று இறக்கினார், திருப்பிப் பார்த்தார். ஐந்தாவது மூட்டையோடு முன்சில்லு கொஞ்சம் கடித்தது. ஆறாவதும் இறங்கின பிறகு நன்றாகப் பிடித்தது. ஏழு கல்லும் மட்டும் மிஞ்சின.

அதன் பிறகு மேலுக்கும் கீழுக்குமாக வழித்தார். முன்பொறி வாரி எறிந்தது. பின்தகடு உறைந்த பளபளப்பைச் சுரண்டிக்கொண்டு வந்தது. அடியில் கறுப்புத் தார் தெரிந்தது. பெட்டிக்குள் கல்லுகள் கடகடவென்று ஓயாமல் முட்டிக்கொண்டன. அவர் ஒன்றும் எண்ணவில்லை. வளைவு வரும்போது மட்டும் தலையைக் கொஞ்சம் பின்பக்கம் சாய்த்துக் கேட்டார்.

தவமலர் காரை எடுத்துக்கொண்டு வழித்த பாதையால் ஏறி வந்து வாசலில் நிறுத்தினார். பத்து மணிதான்.

வாகீசம்மா தட்டத்தைக் கொண்டுவந்தார். தட்டத்தில் திருநீறு, பூ, மடித்த காவி.

"அக்கா, சம்மதமோ?"

தவமலர் கணவரைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை.

"மூண்டு மணித்தியாலமும் காருக்குள்ளை சொல்லிச் சொல்லிப் பாத்துக்கொண்டு வந்தனான், அம்மா. சொல்லேக்கை அழக்கூடாது எண்டு. கேட்டது அவர். அவருக்கு அதுதான் நிம்மதியெண்டால், சம்மதம்."

சொன்னபடியே அழவில்லை.

வாகீசம்மா தட்டத்தைக் குகதாசன் பக்கம் நீட்டினார்.

குகதாசனின் கை எழும்பவில்லை. அவர் காரைப் பார்த்துக்கொண்டு நின்றார். காரின் பின்பக்கம் முழுக்கச் சேறும் பனியுமாக, ஒரு பக்கம் மற்றப் பக்கத்தைவிடக் கூடுதலாக அடித்திருந்தது.

"மலர், வாற வழியிலை வழுக்கினதோ?"

"வழுக்காமல் என்ன. வழிநெடுகப் பின்பக்கம் ஆடிக்கொண்டுதான் வந்தது. இரண்டு இடத்திலை பயந்துபோனன்."

"பின்னுக்கு என்ன வைச்சிருக்கிறாய்?"

"என்ன கிடக்குது வைக்க. வெறுமைதான்."

குகதாசன் தட்டத்தைத் தொட்டுக் கும்பிட்டார். காவியை எடுக்கவில்லை. திருநீறு மட்டும் எடுத்து நெற்றியில் பூசிக்கொண்டார். படியால் இறங்கிப் போய்க் காரின் பின்கதவைத் திறந்து, பின் ஆசனத்தில், நட்டநடுவில் உட்கார்ந்தார்.

வாகீசம்மா தட்டத்தை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு, ஒரு பாத்திரத்தில் பொங்கலோடு திரும்பி வந்தார். கொஞ்சம் அடிப்பிடித்துவிட்டது, அக்கா, என்றார்.

தவமலர் பாத்திரத்தை வாங்கி முன் ஆசனத்தில் வைத்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு சாவியைப் போட்டார். பின்னால் திரும்பிப் பார்த்தார்.

"முன்னுக்கு வந்து இருங்கோவன். இதென்ன டாக்சியோ?"

"இல்லை. நீ முன்னாலை பாத்து ஓட்டு," என்றார் குகதாசன். "நான் பின்னாலை இருந்து கதைச்சுக்கொண்டு வாறன்."